பூட்டன் பெயர்

தந்தையின் தந்தையைப் பாட்டன் என்பர். பாட்டனின் தந்தையைப் பூட்டன் என்பர். அவனுக்கும் முன்னவனை ஓட்டன் என்பர். கொள்ளுப் பாட்டன், எள்ளுப் பாட்டன் என்று கூறும் வழக்கும் உண்டு. இங்ஙனம் பல தலைமுறைக்கு முறைப்பெயர் வகுத்து வைத்த மொழி தமிழ். ஆயினும் ஒரு வகுப்பில் உள்ள மாணவரை நோக்கி, 'உன் பூட்டன் பெயர் யாது?' என்று வினவினால், விடை கூற வல்லார் மிகச் சிலரே. 'பூட்டியின் பெயர் யாது? அவள் பிறந்த ஊர் எது?' என்று வினவினாலோ, வகுப்பு முழுவதும் வாய் திறவாது. முறைப்பெயர் நிலைத்திருக்கிறது, அம்முறைக்கு உரியவரின் பெயர் மறைந்துவிட்டது.

இதனால் நேரும் இழப்பு யாது என்று சிலர் கேட்கலாம். பாட்டன் உழுத நிலத்தையே தானும் உழுது, அவன் நீர் முகந்த கிணற்றிலேயே தானும் நீர் முகந்து வாழ்பவனுக்கு, அவ்விழப்பு பெரிதாகத் தோன்றாமல் இருக்கலாம். ஊரே அவனுக்குச் சான்றாக நிற்கிறது. ஆனால் முன்னோர் கடல் கடந்து சென்றுவிட, வேற்று நாட்டில் பிறந்து, வேற்று மொழி பேசி வாழ்பவனுக்கு அத்தகைய சான்று ஒன்றும் இல்லை. அவனிடம் இருப்பவை ஒரு பெயரும், ஒரு தாளும், வீட்டு முதியவர் சொன்ன இரண்டொரு சொற்களுமே. அவற்றைக் கொண்டு தன் ஊரைத் தேடுகிறான். அத்தேடலில் அவன் படும் பாட்டை அறிந்தவர், பூட்டன் பெயரை எளிதாக எண்ணார்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலும் அதற்கு முந்திய நூற்றாண்டிலும் தமிழர் பலர் ஒப்பந்தக் கூலிகளாக அயல்நாடுகட்குச் சென்றனர். மொரீசியசுத் தீவுக்கு ஒப்பந்தத் தொழிலாளர் செல்வது 1834-ஆம் ஆண்டில் தொடங்கியது. தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்குச் சென்ற முதற்கப்பல் 'துரூரோ' என்பது. அது சென்னையிலிருந்து புறப்பட்டு, 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் தர்பன் துறையை அடைந்தது. அதனில் சென்றவர் 342 பேர். அன்று முதல் 1911-ஆம் ஆண்டு வரை நேட்டாலுக்குச் சென்ற இந்தியர் 1,52,184 பேர் என்று கணக்கிட்டிருக்கின்றனர். அவருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறையில் கப்பல் ஏறியவர். பீசித் தீவுக்குச் சென்னையிலிருந்து கப்பல் செல்லத் தொடங்கியது 1903-ஆம் ஆண்டில். பிரெஞ்சுக்காரரின் ஆட்சியில் இருந்த ரீயூனியன், மார்த்தினிக்கு, குவாதலூப்பு ஆகிய தீவுகட்குப் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் மக்கள் சென்றனர். மார்த்தினிக்குத் தீவை முதற்கப்பல் அடைந்த ஆண்டு 1853.

சென்னைக்கும் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் அண்மையில் அமைந்தது பழைய தென்னார்க்காடு மாவட்டம். மழை பொய்த்த காலத்திலும் கடன் மிகுந்த காலத்திலும் அம்மாவட்டத்து உழவரும் கூலியாட்களும் அத்துறைகளை நோக்கி நடந்தனர். ஐந்தாண்டு உழைத்து மீள்வோம் என்று எண்ணிச் சென்றோர் பலர். அவருள் மீண்டு வந்தோரும் உளர். மீளாதோரே மிகப் பலர். அங்ஙனம் மீளாதோரின் வழித்தோன்றல்களே இன்று தம் முன்னோரின் ஊரைத் தேடுகின்றனர்.

அவர்கட்கு உதவுவது ஒரு பதிவேடு. கப்பல் ஏறிய ஒவ்வொருவரைப் பற்றியும் அக்காலத்து அலுவலர் ஒரு குறிப்பு எழுதினர். அதனில் ஆளின் எண், பெயர், தந்தையின் பெயர், அகவை, ஆணோ பெண்ணோ என்பது, குலம், மாவட்டம், வட்டம், ஊர், உடலில் உள்ள மச்சம் அல்லது தழும்பு ஆகியவை இடம்பெற்றன. இஃது அன்பினால் எழுதிய குறிப்பு அன்று. ஆள் தப்பி ஓடினால் அடையாளம் கண்டு பிடித்தற்கும், கூலிக்கணக்குத் தவறாமல் இருத்தற்கும் எழுதியது. ஆயினும் மனிதரை எண்ணாக்கிய அவ்வேடே அம்மனிதரின் பெயரையும் ஊரையும் அழியாமல் காத்தது. மொரீசியசுத் தீவின் மோக்காவில் உள்ள மகாத்துமா காந்தி நிறுவனம் அத்தீவின் பழைய ஏடுகளைப் போற்றி வைத்திருக்கிறது. தொழிலாளர் சிலரின் ஒளிப்படங்களும் ஆங்கு உள்ளன. நேட்டால் கப்பல்களின் பட்டியல்கள் தென்னாப்பிரிக்காவிலும், பீசித்தீவுக்குச் சென்றோரின் அனுமதிச் சீட்டுகள் சூவா நகரத்து ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன.

ஏடு இருந்தால் ஊரைக் கண்டுவிடலாம் அன்றோ என்று தோன்றும். அஃது அத்துணை எளிதன்று. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதியவர், தம் காதில் விழுந்தவாறு எழுதினர். கவுண்டர் என்பது கோவெண்டர் ஆயிற்று. முதலியார் என்பது மூட்லி ஆயிற்று. தமிழர்க்குக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. ஆகவே அயல்நாட்டில் தந்தையின் பெயரையே மகனுக்குக் குடும்பப் பெயராக எழுதிவிட்டனர். அதனால் பாட்டனுக்கு ஒரு குடும்பப் பெயரும் பெயரனுக்கு வேறு ஒரு குடும்பப் பெயருமாக அமைந்த வீடுகளும் உண்டு. ஆளின் பெயருக்கு நேர்ந்த இந்நிலை ஊரின் பெயருக்கும் நேர்ந்தது.

ஒரு காட்டால் இதனை விளக்கலாம். வெளிநாட்டிலிருந்து வரும் ஒருவன் கையில் உள்ள தாளில், 'புலியூர், தென்னார்க்காடு' என்று மட்டும் எழுதியிருப்பதாகக் கொள்வோம். அவன் எந்தப் புலியூருக்குச் செல்வான்? சிதம்பரத்துக்குப் பெரும்பற்றப்புலியூர் என்பது பழம்பெயர். கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் உளது. காட்டுமன்னார்கோயிலுக்கு அண்மையில் ஓமாம்புலியூரும் கானாட்டாம்புலியூரும் உள்ளன. விருத்தாசலத்துப் பக்கத்தில் இராசேந்திரப்பட்டினம் என இன்று வழங்கும் ஊருக்கு எருக்கத்தம்புலியூர் என்று பெயர். பண்ருட்டியிலிருந்து வடலூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் காடாம்புலியூர் இருக்கிறது. எழுத்தர் சோம்பி முன்னொட்டை விட்டிருந்தால், ஒரு பெயருக்கு ஆறு ஊர்கள் உரிமை கொண்டாடும்.

வட்டத்தின் பெயரும் எழுதியிருந்தால் இந்த ஐயம் குறையும், முற்றும் நீங்காது. மாவட்டமும் வட்டமும் காலந்தோறும் மாறுவன. தென்னார்க்காடு மாவட்டம் 1993-ஆம் ஆண்டில் பிரிக்கப்பட்டு, கடலூர் ஒரு தனி மாவட்டம் ஆயிற்று. காடாம்புலியூர் இன்று பண்ருட்டி வட்டத்து ஊர். பழைய ஏடுகளிலோ பண்ருட்டி என்று ஒரு வட்டம் இல்லை. பண்ருட்டி அன்று கடலூர் வட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆகவே கடலூர் வட்டத்துப் புலியூர் என்று ஏடு கூறினும், திருப்பாதிரிப்புலியூரையும் கருத வேண்டும். காடாம்புலியூரையும் கருத வேண்டும். இன்றைய வரைபடத்தை மட்டும் பார்த்துப் பழைய ஊரைத் தேடுபவன் வேறொருவன் வீட்டுக் கதவைத் தட்டி நிற்பான்.

ஆண்டைக் குறிப்பதிலும் இத்தகைய இடர் உண்டு. பழைய பத்திரங்களில் தமிழ் ஆண்டின் பெயர் மட்டும் இருத்தல் கூடும். அறுபது ஆண்டுகட்கு ஒருமுறை அப்பெயர் மீண்டும் வரும். 'விரோதி ஆண்டில் எழுதியது' என்றால், அது 1889-ஆம் ஆண்டில் தொடங்கியதாகவும் இருக்கலாம். 1949-ஆம் ஆண்டில் தொடங்கியதாகவும் இருக்கலாம். வருவாய்த் துறைக் கணக்கில் பசலி ஆண்டு இருக்கும். பசலியுடன் 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1300 என்பது 1890-ஆம் ஆண்டு சூலையில் தொடங்கியது. இச்சிறு கணக்கை அறியாதவர், மகனைத் தந்தை என்றும் தந்தையை மகன் என்றும் மயங்குவர்.

தமிழகத்திலும் தேடுவோர்க்கு உதவும் ஆவணங்கள் பல உள்ளன. சென்னை எழும்பூரில் 1909-ஆம் ஆண்டில் கட்டிய ஆவண மாளிகையில் பழைய அரசு ஏடுகள் அடுக்கப்பட்டுள்ளன. முன்பு சென்னை ஆவண அலுவலகம் என்று இருந்த அதற்கு 1973-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்று பெயர். நிலத்தின் உரிமையைப் பட்டாவும் சிட்டாவும் காட்டும். விளைவை அடங்கல் காட்டும். விற்றவர், வாங்கியவர் பெயரைப் பத்திரப் பதிவு அலுவலகம் காட்டும். பிறப்பு இறப்புப் பதிவுகளும் உண்டு. ஊர்க்கணக்கைத் தலைமுறை தலைமுறையாக எழுதிய கணக்குப்பிள்ளை, மணியக்காரர் முதலிய பழைய பதவிகள் 1980-ஆம் ஆண்டில் ஒழிந்தன. இன்று அப்பணி கிராம நிருவாக அலுவலருக்கு உரியது.

ஆனால் இவ்விடத்தில் ஓர் உண்மையை மறத்தல் ஆகாது. நிலம் உடையவன் பெயரே நிலப்பதிவில் இருக்கும். பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவன் பெயர் எந்தப் பட்டாவிலும் இராது. வீடு வாங்காதவனுக்குப் பத்திரம் ஏது? விற்க ஒன்றும் இல்லாதவனுக்குச் சாட்சிக் கையெழுத்து ஏது? ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவருள் பலர் இத்தகைய ஏழையரே. அவர் பிறந்த ஊரின் ஏடுகளில் அவர் பெயர் இல்லை. அவர் நீங்கிச் சென்ற கப்பலின் ஏட்டில் மட்டும் உளது. அயல்நாட்டு ஏட்டை நம்பி ஊருக்கு வருபவன், ஊர்க்கணக்கில் தன் முன்னோனைக் காணாமல், 'இவ்வூர் என் ஊர் அன்று போலும்' என்று திரும்பிச் செல்வான். அங்ஙனம் திரும்பாமல் அவனைத் தடுக்கவல்லது ஒன்றே. அஃது ஊர் முதியோரின் நினைவு.

முதியோர் நினைவு ஏட்டில் அடங்காத செய்திகளை உடையது. 'என் பாட்டியின் அண்ணன் ஒருவன் சண்டையிட்டுக்கொண்டு கப்பலுக்குப் போய்விட்டான் என்று சொல்லுவார்கள்' என்று ஒரு முதியவள் கூறுவாள். அந்த ஒரு தொடர் நூறு தாள்களுக்கு நிகராகும். பங்காளிகள் யார், மாமன் மைத்துனர் யார், எந்த வீட்டுப் பெண் எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டாள் என்பனவற்றைத் திருமணத்துக்கும் இழவுக்கும் சென்று வந்த அவளே அறிவாள். குலதெய்வமும் ஒரு நல்ல வழிகாட்டி. ஊர் மாறினும், தொழில் மாறினும், பிள்ளைக்கு முடியிறக்க முன்னோரின் ஊருக்கே செல்லும் குடும்பங்கள் பல. கடல் கடந்த குடும்பத்தார் தமிழை மறந்த பின்னும் குலதெய்வத்தின் பெயரைச் சிதைந்த ஒலியிலாவது வைத்திருத்தல் கூடும்.

பெயர் வைக்கும் முறையும் தேடுவோர்க்குத் துணை செய்யும். பேரன் என்று வழங்கும் சொல்லின் செவ்விய வடிவம் பெயரன் என்பது. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் ஆதலின் அவன் பெயரன் ஆயினான். பாட்டியின் பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி. ஆகவே ஒரு குடும்பத்தில் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை ஒரே பெயர் வருவதைக் காணலாம். அயல்நாட்டுத் தாளில் உள்ள தந்தையின் பெயர், ஊரில் வாழும் ஒரு முதியவரின் பெயராகவும் இருந்தால், அஃது உறவுக்கு ஓர் அறிகுறி. ஆனால் அஃது ஒன்றே முடிவான சான்று ஆகாது. முருகனும் கோவிந்தனும் இல்லாத ஊர் தமிழகத்தில் இல்லை.

ஆகவே தாளும் நினைவும் ஒன்றையொன்று திருத்த வேண்டும். தாளில் கடலூர் வட்டத்துப் புலியூர் என்று உளது. குடும்பத்து முதியவள், 'பலா மரங்கள் மிகுந்த ஊர்' என்று தன் தாய் சொல்லக் கேட்டிருக்கிறாள். பலாவும் முந்திரியும் செழித்த பண்ருட்டிப் பகுதியை அது நினைவூட்டும். காடாம்புலியூரில் தேடலாம் என்னும் துணிவு பிறக்கும். ஆயினும் பலா பிற ஊர்களிலும் உண்டு. குலதெய்வத்தின் பெயர் பொருந்துகிறதா, ஓடிப்போனவனைப் பற்றிய கதை எந்த வீட்டிலாவது வழங்குகிறதா, தந்தையின் பெயர் அவ்வீட்டில் மீண்டும் வந்துள்ளதா என்று ஆராய்தல் வேண்டும். மூன்று நான்கு சான்றுகள் ஒருவழிப்பட்டாலன்றி உறவு கூறுதல் தவறு. அன்பின் மிகுதியால் பொய் உறவை மெய் என்று கூறி அனுப்புவது வந்தவனுக்குச் செய்யும் நன்மை ஆகாது. அவன் தன் மக்களுக்கும் அப்பொய்யையே சொல்லிச் செல்வான்.

முன்னோரைத் தேடுதல் குலப்பெருமையை வளர்க்கும் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் பொருளற்றது அன்று. செல்வம் வந்த பின்னர், தம் பூட்டன் ஓர் அரசனின் படைத்தலைவன் என்று கதை கட்டுவோர் எந்நாட்டிலும் உண்டு. ஆனால் உண்மையான பதிவேடு இப்பெருமையை வளர்ப்பதில்லை; அடக்குகிறது. ஒரு வரியில் பெயரும், அடுத்த வரியில் தழும்பும், அதற்கடுத்து எண்ணும் காணும்பொழுது, தன் முன்னோன் பசியால் ஊர் விட்டவன் என்பதை ஒருவன் அறிகிறான். குலம் என்னும் கட்டத்தில் எழுதியதையும் முற்றும் நம்புதல் இயலாது. கூலிக்கு ஆள் கொள்வோர் விரும்பும் குலத்தைச் சொல்லிச் சென்றோரும், பெயரையே மாற்றிச் சொன்னோரும் உண்டு. கப்பலில் எல்லாரும் ஒரே இடத்தில் உண்டு, ஒரே இடத்தில் உறங்கினர். அவர் வழிவந்தோர் இன்று தேடுவது மேன்மையை அன்று. தாம் யார் என்னும் வினாவுக்கு விடையை.

பெண்டிரைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். ஊரில் எழுதும் வமிசாவளிகளில் ஆண்மக்களின் பெயரே வரிசையாக நிற்கும். 'இன்னானுக்கு மகன் இன்னான்' என்று செல்லும் அவ்வரிசையில் தாயின் பெயர் இல்லை. ஒப்பந்தக் கப்பலின் ஏட்டிலோ பெண்ணுக்கும் தனி எண் உண்டு. தனிப் பெயர் உண்டு. அவள் தந்தையின் பெயரும் ஊரும் உண்டு. கூலிக்கணக்கு எழுதியவர் மறவாத பெண்ணின் பெயரை, சொந்தக் குடும்பத்தார் மறந்தனர் என்பது எண்ணத்தக்கது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டிர் 400 பேரை அவரவர் பெயர், முன்பிருந்த தளி, குடியிருந்த மனை ஆகியவற்றோடு குறிக்கிறது. ஆயிரம் ஆண்டுகட்கு முன் கல்லில் எழுத முடிந்ததை, இன்று தாளில் எழுதுவது அரிதன்று.

ஊரின் பெயர் ஒருவரோடு ஒட்டி நிற்பதால் விளையும் பயனுக்குத் தில்லையாடி வள்ளியம்மை ஒரு சான்று. அவர் பிறந்ததும் இறந்ததும் தென்னாப்பிரிக்காவிலேயே. அங்குக் காந்தியடிகள் நடத்திய அறப்போரில் சிறை சென்று, நோயுற்று, 1914-ஆம் ஆண்டில் பதினாறாம் அகவையில் மறைந்தார். அவருடைய முன்னோரின் ஊர் தரங்கம்பாடிக்கு அண்மையில் உள்ள தில்லையாடி. காந்தியடிகள் 1915-ஆம் ஆண்டில் அவ்வூருக்கு வந்தார். ஊரின் பெயர் மறவாமல் இருந்தமையால், கடலுக்கு அப்பால் உயிர்நீத்த இளம்பெண்ணைத் தமிழகத்துச் சிற்றூர் ஒன்று தன் மகளாகப் போற்றுகிறது. ஊர்ப் பெயர் தெரியாமல் மறைந்த வள்ளியம்மைகள் எத்தனை பேரோ!

2011-ஆம் ஆண்டு திசம்பர் 30-ஆம் நாள் 'தானே' என்னும் புயல் கடலூர்க் கரையில் வீசியது. பண்ருட்டிப் பகுதியில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. சாய்ந்த இடத்தில் உழவர் மீண்டும் கன்று நட்டனர். ஆனால் ஒழுகும் கூரையின் கீழ்த் தகரப்பெட்டியில் நனைந்து கூழான பத்திரத்தை மீண்டும் நட இயலாது. நினைவு நிறைந்த ஒரு முதியவள் மறைந்தால், அவளோடு மறைவதும் மீளாது. புயல் என்றோ ஒருநாள் வரும். முதுமையும் இறப்பும் ஒவ்வொரு நாளும் வருகின்றன.

ஆகவே, மாணவர் ஒவ்வொருவரும் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு வீட்டில் உள்ள முதியோரின் அருகில் அமர்தல் வேண்டும். தந்தை வழியிலும் தாய் வழியிலும் பாட்டன், பாட்டி, பூட்டன், பூட்டி ஆகியோரின் பெயர்களைக் கேட்டு எழுதுக. பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர், செய்த தொழில், குலதெய்வம் இருக்கும் இடம் ஆகியவற்றையும் எழுதுக. ஊரின் முழுப்பெயரை எழுதுக. வட்டத்தையும் மாவட்டத்தையும் ஆண்டோடு எழுதுக. யார் சொன்னார், எந்நாளில் சொன்னார் என்பதையும் குறித்து வைக்க. இருவர் இருவேறாகச் சொன்னால், இரண்டையும் எழுதுக. ஊர் விட்டு ஊர் போனவர், நாடு விட்டு நாடு போனவர் யாரேனும் உண்டா என்று கேட்க மறத்தல் ஆகாது.

ஒருநாள் காடாம்புலியூர்ச் சாலையில் தமிழ் அறியாத ஒருவன் ஒரு பழைய தாளைக் கையில் ஏந்தி நிற்றல் கூடும். அவனை வேடிக்கை பார்ப்பது எளிது. அவனை அமரச் செய்து, குடிக்க நீர் கொடுத்து, மூத்தாரை அழைத்து வந்து, குறிப்பேட்டைத் திறந்து பார்ப்பதே தக்கது. அதனில் அவன் தேடும் பெயர் இல்லாமல் இருக்கலாம். இல்லை என்று உண்மை கூறி, அடுத்த புலியூருக்கு வழி காட்டினாலும் அஃது உதவியே. இருக்குமானால், ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பிரிந்திருந்த இரு வீடுகள் ஒரு திண்ணையில் அமரும். அதற்கு வேண்டுவது ஒரு குறிப்பேடும், இன்று மாலை பாட்டியின் அருகில் அமர்ந்து கேட்கும் ஒரு வினாவுமே.